விளையாட்டுக்குள் ஒரு மறைவான அறை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசுப்பா" என்றுதான் செயலாளர் என்னிடம் கேட்டார். நான் இயந்திரங்களுக்குக் கன்ட்ரோல் பேனல் வடிவமைக்கிறவன். அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் பாதிப் பேர் சாப்பாட்டுக்கு முன்பே தூங்கிவிடுவீர்கள். அதனால், "வீடியோ கேம் பற்றிப் பேசட்டுமா சார்?" என்று கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, ப்ரொஃபசர்ஸ் எல்லாம் இருப்பாங்க, பாத்துப் பேசு" என்றார். பார்த்தே பேசுகிறேன். கன்ட்ரோல் பேனலும் கடைசியில் எப்படியாவது உள்ளே வந்துவிடும், செயலாளர் கவலைப்பட வேண்டாம்.

வீடியோ கேம் என்றதும் பெரியவர்கள் மனதில் துப்பாக்கிச் சத்தம்தான் கேட்கும். கதை சொல்லும் ஆட்டங்கள் என்று ஒரு வகை உண்டு. முப்பது, நாற்பது மணி நேரம் ஓடும். கதைக்கு ஒரு மெயின் ரோடு இருக்கும். அதில் நேராகப் போனால் போதும், முடிவு வந்துவிடும். ஆனால் ரோட்டை விட்டு இறங்கி நாலு வீடு ஏறி இறங்கினால், சத்திரத்தில் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்கினால், கூடவே வந்துகொண்டிருக்கும் ஒரு பாத்திரத்தின் வாழ்க்கையில் நாம் அறியாத ஒரு பக்கம் திடீரென்று திறக்கும். அதைப் பார்க்காவிட்டாலும் ஒரு மார்க்கும் குறையாது. ஆட்டம் பாட்டுக்கு முடிந்துவிடும். அந்த மாதிரி இடங்களைப் பற்றித்தான் இன்று பேச்சு.

இதன் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டுமானால், 1980-ல் அடாரி 2600 என்ற கருவிக்கு வந்த 'அட்வெஞ்சர்' என்ற ஆட்டத்தைச் சொல்வார்கள். எழுதியவர் வாரன் ராபினெட். ஆட்டத்தை உருவாக்கியவரின் பெயரை எங்கும் போடுவதில்லை என்பது அன்று அந்த நிறுவனத்தின் வழக்கம். ராபினெட் யாரிடமும் சொல்லாமல் உள்ளே ஒரு அறையைக் கட்டிவைத்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் புள்ளியைக் கண்டுபிடித்து, அதைத் தூக்கிக்கொண்டு குறிப்பிட்ட ஒரு சுவர் வரை போனால் உள்ளே நுழையலாம். அங்கே, இதை உருவாக்கியவன் வாரன் ராபினெட் என்று எழுத்துகள் மின்னும். முழு ஆட்டத்துக்கும் இருந்த இடமே 4 கிலோபைட். அதில் தன் பெயருக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார் மனிதர்! அவர் வேலையை விட்டுப் போன பிறகு, ஆட்டக்காரப் பையன் ஒருவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்கே கடிதம் எழுதினான். இதற்கு முன்பும் ஒன்றிரண்டு ஆட்டங்களில் இப்படி ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் 'ஈஸ்டர் எக்' என்ற பெயர் நிலைத்தது இதனால்தான்.

அங்கே ஒளிந்திருந்தவர் ஆட்டத்தை உருவாக்கியவர். பாத்திரங்கள் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தது பிறகு. எனக்குத் தெரிந்து அதை அழகாகச் செய்தவர்கள் ஜப்பானில் ஸ்கொயர் என்ற நிறுவனத்துக்காரர்கள். 1994-ல் அவர்கள் வெளியிட்ட 'ஃபைனல் ஃபேண்டஸி 6' ஆட்டத்தில் ஷேடோ என்று ஒருவன் வருவான். முகமூடி, கறுப்பு உடை, கூடவே இன்டர்செப்டர் என்ற நாய். காசு கொடுத்தால் சண்டைக்கு வருவான், நினைத்த நேரத்தில் போய்விடுவான். பேச்சு வார்த்தை கிடையாது. மெயின் ரோட்டில் மட்டும் போகிறவர்களுக்கு ஷேடோ என்றால் அவ்வளவுதான்.

அவன் நம்முடன் இருக்கும்போது சத்திரத்தில் தங்கினால், சில சமயம், எப்போதும் அல்ல, சில சமயம் மட்டும், அவனுக்கு ஒரு கனவு வரும். அவன் முன்பு ரயில் கொள்ளைக்காரன், பெயர் க்ளைட். பாராம் என்று ஒரு கூட்டாளி. படுகாயமடைந்து கிடக்கும் பாராம், பிடிபடுவதற்கு முன் என்னைக் கொன்றுவிட்டுப் போ என்று கெஞ்சுகிறான். க்ளைட்டுக்குக் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறான். இன்னொரு ராத்திரி தங்கினால் இன்னொரு துண்டு. தமாசா என்ற கிராமத்தில் மயங்கி விழுகிறான். (பெயரைக் கேட்டு எங்கள் அறையில் சிரித்தோம். கதையில் தமாஷ் ஒன்றுமில்லை.) கடைசித் துண்டில் அதே கிராமத்தை விட்டுப் போகிறான். நாய் பின்னாலேயே வருகிறது. நீ இங்கேயே இரு, அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள் என்று அதைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறான்.

அந்தக் குழந்தை யார்? நம் கூட்டத்திலேயே ஓவியம் வரையும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள், ரெல்ம் என்று பெயர். ஷேடோதான் உன் அப்பா என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை. நமக்கும் யாரும் சொல்வதில்லை. ஆனால் வேற்று ஆளை நெருங்கவிடாத அந்த நாய் அவளிடம் மட்டும் வாலாட்டும். அதோடு ஒரு மோதிரம் உண்டு, இறந்துபோன தாயின் அன்பு அதில் இருப்பதாகக் குறிப்பு. அதை அணியக்கூடியவர்கள் ஆட்டத்தில் இரண்டே பேர்: ரெல்ம், ஷேடோ. பொருள் பட்டியலில் யாருக்கு எது பொருந்தும் என்று வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும்போது இது கண்ணில் படும். ஒரு குடும்பக் கதையை ஸ்டோர் ரூம் லெட்ஜரில் எழுதி வைத்த மாதிரி. நான் ரசித்த கதை உத்திகளில் இதற்கு முதலிடம்.

இன்னொன்றும் உண்டு. மிதக்கும் கண்டம் என்ற இடத்திலிருந்து தப்பிக்க 6 நிமிடம் கொடுப்பார்கள். விளிம்புக்கு வந்துவிட்டால் குதிக்கலாம், அல்லது காத்திருக்கலாம். ஷேடோ இன்னும் வரவில்லை. நேரம் ஓடுகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் குதித்துவிடுவோம், நானும் குதித்தவன்தான். குதித்தால் ஷேடோ செத்தான், பிறகு அவனைப் பார்க்கவே முடியாது. கடைசி 5 நொடி வரை நின்றால் ஓடி வருவான்.

இதில் பொறியாளனாக எனக்கு வரும் கேள்வி ஒன்று. அந்த ஆட்டத்தின் கார்ட்ரிட்ஜ் மொத்தம் 24 மெகாபிட், அதாவது 3 மெகாபைட். கல்யாணத்தில் எடுத்த ஒரு போட்டோ அதைவிடப் பெரிதாக இருக்கிறது இன்று. அந்த இடத்துக்குள் ஒவ்வொரு காட்சியும் மற்றொன்றுடன் முட்டி மோதித்தான் உட்கார வேண்டும். பெரும்பாலானவர்கள் பார்க்கவே போவதில்லை என்று தெரிந்த காட்சிக்கு இடம் ஒதுக்க ஒருவர் வாதாடியிருக்க வேண்டும், இன்னொருவர் தலையாட்டியிருக்க வேண்டும். எங்கள் ஆபீசில் அப்படி ஒரு ஃபைலை மேலே அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்போதைய ஆட்டங்களில் இது இல்லையா என்று கடைசி வரிசை கேட்கும். இருக்கிறது. 2018-ல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' ஆட்டத்தில் ஆர்தர் மார்கன் என்ற கொள்ளைக்காரனுக்குக் காசநோய். ரயில் நிலையத்தில் ஒரு கன்னியாஸ்திரீயிடம் தனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்வான். முன்பு எப்போதோ அவருக்கு உதவி செய்திருந்தால், நடத்தையும் நன்றாக இருந்திருந்தால்தான் அவர் அங்கே இருப்பார். இல்லாவிட்டால் அந்த பெஞ்சில் வேறு ஆள். அருமையான இடம். ஆனால் பொதுவாக இன்று என் குறை என்னவென்றால், பல ஆட்டங்களில் மேப் முழுக்கக் கேள்விக்குறி போட்டு, இங்கே ஏதோ இருக்கிறது, வந்து எடுத்துக்கொள் என்று சொல்லிவிடுகிறார்கள். பெயர்ப் பலகை மாட்டிய பிறகு அது என்ன ரகசியம்? பட்டியலில் டிக் அடிக்கிற வேலைதான் மிச்சம். நமக்கு வயதாகிவிட்டது என்றும் சொல்லலாம், மறுக்க மாட்டேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் 2005-ல் இங்கே மெக்கானிக்கலில் சேர்ந்தேன். மூன்றாம் வருடம், 2007. என் ரூம்மேட் எலக்ட்ரானிக்ஸ்காரன். சுமாரான ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தான். அதில் எமுலேட்டர் போட்டு, அதே ஸ்கொயர் நிறுவனத்தின் 1995-ஆம் ஆண்டு ஆட்டமான 'க்ரோனோ ட்ரிக்கர்' ஓடும். (அது சட்டப்படி சரியா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. பிற்பாடு காசு கொடுத்து வாங்கிவிட்டேன்.) அவன் ஒரு ஊருக்குள் போனால் ஒவ்வொரு பானையையும் திறந்து பார்ப்பான், ஒவ்வொரு கிழவியிடமும் இரண்டு தடவை பேசுவான். நான் நேர் எதிர். ஸ்டடி ஹாலிடேஸில் ஒரே வாரத்தில் முடித்துவிட்டு, "முடிச்சிட்டேன்டா" என்று மெஸ்ஸில் மார்தட்டினேன்.

அவன் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டான்: "லூக்காவோட அம்மா நடக்கிறாங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. லூக்கா என்பவள் அந்த ஆட்டத்தின் இன்ஜினியர் பெண். கண்ணாடி போட்டுக்கொண்டு எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பாள். அவள் வீட்டில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நாற்பது மணி நேரத்தில் அந்த வீட்டுக்குப் பத்துத் தடவை போயிருப்பேன். அவரை அந்த வீட்டு மேஜை, பீரோ மாதிரியேதான் பார்த்திருக்கிறேன். "அவங்க சேர்லதானே உக்காந்திருப்பாங்க?" என்றேன். "ஏன் உக்காந்திருக்காங்கன்னு கேட்டியா?" என்றான் அவன்.

அன்று ராத்திரி என் கடைசி சேவிலிருந்து கூட்டிக்கொண்டு போனான். கி.பி. 600-ல் ஒரு பெண் பாலைவனத்தை மறுபடி காடாக்க ஆசைப்படுகிறாள். நம்முடன் வரும் ரோபோ ஒன்று அவளுக்கு உதவியாக அங்கேயே தங்கிவிடுகிறது. நாம் கால யந்திரத்தில் ஏறி ஒரே நொடியில் 1000-க்கு வந்துவிடுவோம். அது அங்கே 400 வருடம் மண் கொத்தியிருக்கும். காடு வளர்ந்திருக்கும். அன்று இரவு காட்டுக்குள் எல்லோரும் நெருப்பு மூட்டி உட்கார்ந்து பேசுகிறார்கள், தூங்குகிறார்கள். லூக்கா மட்டும் விழித்துக்கொள்கிறாள். மரங்களுக்கு நடுவே சிவப்பாக ஒரு வாசல். உள்ளே போனால் 990. அவளுடைய சொந்த வீடு. அவள் குழந்தையாக இருந்த நாள்.

அம்மா அப்பாவின் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். பாவாடை அதில் மாட்டிக்கொள்கிறது. இயந்திரம் ஓட ஆரம்பிக்கிறது. நிறுத்த ஒரு பாஸ்வேர்ட் வேண்டும். அப்பா தன் மனைவியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்: லாரா. கன்ட்ரோலரில் எல், ஏ, ஆர் என்று மூன்று பொத்தான்களும் உண்டு. ஆகவே எல், ஏ, ஆர், ஏ என்று அம்மாவின் பெயரை நம் கை விரலாலேயே எழுத வேண்டும். யோசித்தவனுக்கு ஒரு கும்பிடு.

ரூம்மேட் "பேரை அடிடா, பேரை அடி!" என்று கத்தினான். நான் அடித்தேன். எங்கே? கீபோர்டில். எல், ஏ, ஆர், ஏ என்று எழுத்தையே அடித்தேன். எமுலேட்டரில் கன்ட்ரோலரின் எல் பொத்தான் கீபோர்டில் வேறு ஏதோ ஒரு எழுத்தில் உட்கார்ந்திருந்தது. ஒரு வாரமாக அதே விசைகளில் ஆடிய கை, அந்த நேரத்தில் மறந்துவிட்டது. அம்மாவின் அலறல். திரை இருண்டது. அவ்வளவுதான். ஆட்டம் என்னைத் திட்டவில்லை, மறுபடி முயற்சி செய் என்று கேட்கவுமில்லை. லூக்கா காட்டுக்குத் திரும்பி வருகிறாள். ரோபோ அவளுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. 400 வருடத்தில் கிடைத்த மரப் பிசினைப் பக்குவப்படுத்தி ஒரு பொருள் செய்து வைத்திருக்கிறது, அதைக் கொடுக்கிறது. கதை நகர்கிறது.

பழைய சேவிலிருந்து உடனே மறுபடி ஆடலாம் என்றால் மணி பதினொன்று. ஹாஸ்டலில் மெயின் ஆஃப் செய்துவிட்டார்கள். இருட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு ரூம்மேட் சொன்னான்: "அந்த ஆக்சிடென்டுக்கு அப்புறம்தான்டா அவ மெஷினைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சா." ஒரு வாரம் அவளுடைய சுத்தியையும் துப்பாக்கியையும் பயன்படுத்தியவன் நான். அவள் ஏன் இன்ஜினியர் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை எங்களுக்கு மெஷின் ஷாப். அங்கே இருந்த அண்ணனை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெயரைச் சொல்லக் கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டார், எனவே ஷாப் அண்ணன் என்றே சொல்கிறேன். முதல் வருடம் முதல் நாளிலிருந்து அவர் எங்களிடம் பேசியது ஒரே வசனம்: "கையை மடிங்க தம்பி, சட்டையை இன் பண்ணுங்க." முழுக்கைச் சட்டையை முட்டிக்கு மேல் மடிக்காவிட்டால் லேத்துக்குப் பக்கத்தில் விட மாட்டார். அவரைப் போல் பேசிக்காட்டாத பையன் எங்கள் செட்டில் இல்லை. நானும் பேசிக்காட்டியவன்தான், நன்றாகவே வரும்.

அன்று அவர் எனக்குச் சக்கில் ஜாப் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. மூன்று வருடமாக அந்தக் கை என் கண் முன்னால்தான் இருந்தது. "அண்ணே, இது எப்படி ஆச்சு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. "இப்பதான் பாத்தீங்களா?" என்று சிரித்தார்.

இங்கே வேலைக்கு வருவதற்கு முன், பத்தொன்பது வயதில் ஒரு பட்டறையில் இருந்திருக்கிறார். பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டை, முழுக்கை, மடிக்க மனசு வரவில்லை. ஓடுகிற ஜாப்பில் கை நுனித் துணி மாட்டிக்கொண்டது. லேத்தை நிறுத்தும் லீவர் வலது பக்கம், அவருக்கு எட்டவில்லை. "மெஷினை யார் அண்ணே நிறுத்தினாங்க?" என்று கேட்டேன். முதல் நாள் ராத்திரி நடந்தது மனதில் இல்லாவிட்டால் அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்காது. டீ வாங்கி வரும் பையன் ஒருவன் ஓடிப்போய் ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்த மெயினை இழுத்திருக்கிறான். "அவனுக்கு மெஷின் ஒண்ணும் தெரியாது தம்பி. மெயின் எங்க இருக்குன்னு மட்டும் தெரிஞ்சிருக்கு. இல்லேன்னா கையே போயிருக்கும்." குணமாகி அண்ணன் திரும்பிப் போனபோது அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டுப் போயிருந்தான். அவன் பெயரை வைத்துத்தான் தன் மகனுக்குப் பெயர் வைத்தாராம்.

சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் எந்தப் பொத்தான் எந்த விசை என்று எழுதி கீபோர்டுக்கு மேலே ஒட்டினேன். பழைய சேவிலிருந்து ஆடினேன். மறுபடி காடு, நெருப்பு, சிவப்பு வாசல். இந்தத் தடவை நான்கும் சரியாக விழுந்தன. இயந்திரம் நின்றது. பிறகு 1000-க்கு வந்து லூக்காவின் வீட்டுக்குப் போனேன். நாற்காலி காலியாக இருந்தது. அம்மா வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார். வேறொன்றும் இல்லை. பாராட்டு இல்லை, பரிசு இல்லை. ஒரு சின்ன உருவம் அங்கேயும் இங்கேயும் போய்க்கொண்டிருந்தது. ரூம்மேட்டும் நானும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அவன் அப்புறம் ஒரு சண்டை ஆரம்பித்தான். விபத்தே நடக்கவில்லை என்றால் லூக்கா எதற்காக இயந்திரம் படித்தாள்? படிக்கவில்லை என்றால் கால யந்திரத்தில் எப்படி வந்தாள்? இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. நேற்று ராத்திரி ஹாஸ்டல் வாசலில்கூட அரை மணி நேரம் போட்டோம்.

கன்ட்ரோல் பேனல் வரும் என்று சொன்னேன் அல்லவா. நிறுத்துவதற்குப் பாஸ்வேர்ட் கேட்கிற இயந்திரத்தை வடிவமைத்த லூக்காவின் அப்பாவை நான் ஒருநாளும் வேலைக்கு எடுக்க மாட்டேன். எமர்ஜென்சி ஸ்டாப் என்பது சிவப்புக் காளான் மாதிரி, பின்னால் மஞ்சள் தட்டு, கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழ வேண்டும். அது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதி. அதை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கும் வாடிக்கையாளருக்கும் இழுபறி. ஆபரேட்டர் கைக்கு எட்டும் இடத்தில் ஒன்று போதுமே என்பார்கள். நான் இன்னொன்று கேட்பேன், வாசல் பக்கம், டீ கொண்டுவருகிற ஆள் நிற்கும் இடத்தில். ஏன் என்று ட்ராயிங்கில் எழுத முடியாது. செலவு என்று சொல்லிப் பல தடவை அடித்துவிடுவார்கள். சில தடவை விட்டுவிடுவார்கள். இதுவரை அந்த இரண்டாவது பொத்தானை யாராவது அழுத்தினார்களா என்று எனக்குத் தகவல் இல்லை.

ஷாப் அண்ணன் ரிட்டயர் ஆகி சில வருடம் ஆகிறது. இன்று வந்திருக்கிறார், சாப்பாட்டுப் பந்தலில் எங்கேயோ நிற்பார். மதியம் இரண்டரை மணிக்குப் பழைய மெஷின் ஷாப்பைத் திறந்து வைப்பதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். எல்லோரும் வாருங்கள். முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறவர்கள் மடித்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டார்.